கதிர் முற்றிய வாரம்

அந்தக் கோட்டுக்கு வடக்கே நிலம் வாங்காதே என்று எர்ட்மானிடம் சொல்லாத ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அரசாங்கமே வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தது. அதற்குத் தெற்கே மழையை நம்பிக் கோதுமை போடலாம். வடக்கே ஆடுதான் மேய்க்கலாம். ஆனால் ஜெர்மனியின் சைலீசியாவில் பண்ணையாரின் லாயத்தில் சாணி அள்ளி வளர்ந்து, கப்பலேறி வந்தவனுக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் தன் பெயரில் மண் கிடைக்கிறது என்றபோது கோடாவது ஒன்றாவது.

மனைவி பவுலீனாவையும் கூட்டிக்கொண்டுதான் போனான். தங்கையை அந்தப் பொட்டல் காட்டுக்கு அனுப்ப அவள் அண்ணன் கஸ்பருக்கு மனமே இல்லை. பவுலீனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதர்களை வேரோடு பிடுங்கியதில் பாதி அவள் கை. முதல் வருஷம் மழை கொட்டியது. இடுப்புயரம் பயிர் நின்றது. அதற்குப் பிறகு வானம் பொய்த்தது. மூன்று வருஷம் செம்புழுதியைத் தவிர எதுவும் வரவில்லை. ரொட்டிக்குப் பிசைந்த மாவை ஈரத் துணி போட்டு மூடிவைத்தாலும் மண் நறநறத்தது. ஓடையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவர அரை நாள் ஆனது. அந்த நிலையில் அவள் உண்டானதும், எர்ட்மானே வண்டி கட்டி, தெற்கே பள்ளத்தாக்கில் இருந்த கஸ்பர் வீட்டில் அவளை விட்டுவிட்டு வந்தான். விதைத்த கையோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவனால் நகர முடியவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, லீடியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்ற சேதியை, தெற்கே போய் வந்த பக்கத்து நிலத்துக்காரர் கொண்டுவந்தார். கூடவே பவுலீனா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள்: "பிடிவாதத்துல அப்பனேதான். மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு, கர்த்தர் காப்பாத்தினாரு." எர்ட்மான் அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தான். அறுப்பு முடிந்ததும் வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போவதாகப் பதில் சொல்லி அனுப்பினான்.

கதிர் முற்றி, முதல் பாத்தியில் குதிரைகளை இறக்கிய அன்று கஸ்பர் வந்து சேர்ந்தான். இரண்டு நாள் குதிரை மேலேயே வந்திருந்தான்.

"பவுலீனாவுக்குக் காய்ச்சல். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா."

எர்ட்மான் உடனே குதிரைகளை அவிழ்க்கப் போனான். அவிழ்த்துக்கொண்டே, ரொம்ப முடியாமல் இருக்கிறாளா என்று கேட்டான்.

கஸ்பர் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் விவசாயிதான். அப்படியொரு விளைச்சலை அவன் ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தான்.

"காய்ச்சல்தான். என் வீட்டுக்காரி பக்கத்துலயே இருக்கா," என்றான். கையைத் தட்டிக்கொண்டே, "வடக்குக் காத்து கிளம்புது, மச்சான். இப்படியே விட்டுட்டுப் போனா அத்தனையும் மண்ணுல கொட்டிரும்."

எர்ட்மான் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு குதிரைகளை மறுபடி பூட்டினான்.

கஸ்பர் கதிர் கொய்யும் வண்டியை ஓட்டினான். எர்ட்மான் தூற்றி மூட்டை கட்டினான். வெயில் மண்டையைப் பிளந்தது. மறுநாள் பொழுது சாயும்போது, போதும், கிளம்பலாம் என்றான் கஸ்பர். மேற்கு மூலையும் முடிந்துவிடட்டும், நாளை மதியம் போய்விடலாம் என்றான் எர்ட்மான். விடிந்ததும் கஸ்பர் குதிரைகளைப் பூட்டினான். கிளம்பியபோது நிலத்தில் ஒரு கதிர் மிச்சமில்லை.

கஸ்பரின் மனைவி ரோசினா வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். இரண்டு பேர் தாடியிலும் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தாள்.

"நேத்து அடக்கம் பண்ணிட்டோம். இந்த வெயில்ல வெச்சிருக்க முடியல," என்றாள். "நாய் குரைக்கும்போதெல்லாம் அவரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாண்ணே."

ரோசினா புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களை நான் எதுக்கு அனுப்பினேன்?"

கஸ்பர் அப்படியே படலோரம் உட்கார்ந்துவிட்டான்.

மூட்டைகளை எடுக்க எர்ட்மான் திரும்பிப் போகவில்லை. பக்கத்து நிலத்துக்காரரே ஏற்றி அனுப்பினார். அடுத்த வருஷம் அந்த நிலம் ஆட்டுக்காரன் ஒருவனுக்குப் போனது. எர்ட்மான் கஸ்பர் வீட்டிலேயே தங்கி, அவனுடைய நிலத்திலேயே உழைத்தான். இரண்டு பேரும் ஒன்றாக உழுதார்கள், ஒன்றாக அறுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி மட்டும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை. யாராவது கேட்டால், வழியில் ஓடை பெருகிவிட்டது என்று சொல்லிவந்தான் கஸ்பர். எர்ட்மான் அதைத் திருத்தவில்லை.

லீடியா ரோசினாவை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். திருச்சபையில் தன் விசுவாசத்துக்கு உறுதிமொழி கொடுக்கவேண்டிய பதினாலு வயது வந்தபோது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அப்பாவோடு பவுலீனாவின் கல்லறைக்குப் போனாள். கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, அந்த வெள்ளம் எவ்வளவு பெரிசு என்று கேட்டாள்.

எர்ட்மான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"டிசம்பர் கோடையில ஏதும்மா வெள்ளம்? கோதுமை அறுத்துக்கிட்டிருந்தோம். நானும் உன் மாமாவும்."

அவள் கை நின்றது. "என்னைப் பெத்த அம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா எந்த வாரம் கதிர் முத்தும்னு என்னைவிட அவளுக்கு நல்லாத் தெரியும்."

லீடியா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கல்லின் மேல் மெல்ல ஊற்றினாள். எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அவனுக்காக நிற்காமல் நடந்தாள்.