பின்முற்றத்து நாணல் பாத்தி

கூட்டம் முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தபோதே பதினாறு பச்சை அட்டைகளும் மேலே எழுந்துவிட்டன. வீட்டுக்கு ஒருவராகக் கட்டடத்தின் பொது அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட மடியிலிருந்த சிவப்பைத் தொடவில்லை. இனி எண்ணி, முடிவைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

கூட்டத்தை நடத்தியவளைப் பயிற்சியில் எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் வகுப்பறைக் குழாய் ஒழுகியபோது, பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மாட்டிவிட்டுப் பாடம் கேட்க உட்கார்ந்தவள் அவள். பதினோரு வருடக் குழாய் வேலை. மண்ணையும் நீரையும் கெடுக்காமல் சேர்ந்து வாழும் குடியிருப்புகளை வடிவமைக்கவும், அதைப் பிறருக்குச் சொல்லித்தரவும் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு வாரம் கற்றுக்கொண்டாள். இன்று கடைசித் தேர்வு. நிஜக் கட்டடத்தில் நிஜ மனிதர்களை ஒரு மணி நேரத்துக்குள், எல்லோரும் ஒப்புகிற ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். தேறினால் திங்கட்கிழமையிலிருந்து அதே மையத்தில் அவள் பயிற்சியாளர். தேறாவிட்டால் மறுபடி அடுத்தவர் வீட்டு அடைப்பு எடுக்கப் போக வேண்டியதுதான்.

கட்டடம் கிடைத்தது சித்தப்பாவால். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் விடாமல், பின்முற்றத்தில் நாணல் பாத்தி போட்டு வடிகட்டிக் கழிப்பறைத் தொட்டிகளுக்கு ஏற்றுவது திட்டம். குழி தோண்டும் எந்திரம் நாளைக் காலை வருகிறது.

"சீக்கிரம் எண்ணும்மா, கை வலிக்குது," என்றார் சித்தப்பா. "ரோட்டு சிக்னல்கூட இவ்வளவு நேரம் பச்சையில நிக்காது."

அறை சிரித்தது. மூலையில் இன்ஜினியரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மையத்திலிருந்து மதிப்பெண் போட வந்தவர். கூட்டம் முடியும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

எண்ணிக்கொண்டே வந்ததில் பதினைந்தாவது கை தையல்காரம்மாவுடையது. கீழ்த்தளத்தின் பின்பக்க அறையில் சித்தப்பாவிடம் வாடகைக்கு இருப்பவர். வாஷர் அருகே வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"அந்த நாணல் எவ்வளவு ஒசரம் வளரும்?"

"ஆள் ஒசரம் வரும்க்கா."

"சரி."

கை இறங்கவில்லை. கண் மட்டும் பலகையில் ஒட்டியிருந்த வரைபடத்துக்குப் போய் ஓரிடத்தில் நின்றது. வாஷரும் பார்த்தாள். பாத்திக்கு இரண்டடி தள்ளி ஒரு கட்டம். அதற்குள் அவள் கையெழுத்திலேயே 'சாமான் அறை'.

வெயில், சரிவு, காற்று, மழைத்தண்ணீர் ஓடும் வழி என்று ஒன்று விடாமல் அளந்திருந்தாள். வகுப்பில்லாத நாள் பார்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்தாள். மூன்று முறையும் அந்த அறையின் ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரையும் கேட்கவில்லை.

"அக்கா, அது உங்க ஜன்னலா?"

"நான் பச்சைதானே தூக்கியிருக்கேன்? எண்ணிட்டுப் போ." தையல்காரம்மாவின் குரல் இன்னும் தாழ்ந்தது. "அடுத்த மாசம் உங்க சித்தப்பா வாடகைப் பத்திரத்தைப் புதுசு பண்ணணும். என்னை இழுத்து விடாத, தாயி."

பன்னிரண்டு நிமிடம். பச்சை என்றால் சம்மதம். ஆறு வாரமும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணினால் விதிப்படி ஒரு குற்றமும் இல்லை. இவரைப் பேசச் சொன்னால் நாளைக்கு இவர் வீடு தேட வேண்டியிருக்கும்.

வாஷர் பேனாவை மூடினாள்.

"எல்லாரும் கையை இறக்கிடுங்க. இந்தப் படத்துல தப்பு இருக்கு. தப்பு என்னோடது."

"என்னடி சொல்ற?" சித்தப்பா எழுந்துவிட்டார். "ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாங்களா? இல்லையே? நாளைக்கு எந்திரம் வருது!"

"அதனாலதான் சித்தப்பா இப்பவே சொல்றேன். எல்லாரும் கீழ வாங்க. அஞ்சு நிமிஷம்."

"வீட்டுப் பொண்ணாச்சேன்னு விட்டா, எங்களை மேலயும் கீழயும் நடக்க வைக்கிறா பாரு," என்று முணுமுணுத்தபடியே அவர்தான் முதலில் இறங்கினார்.

தையல் அறைக்குள் ஏழெட்டுப் பேருக்குத்தான் இடமிருந்தது. மற்றவர்கள் வாசலில் நெருக்கினார்கள். தையல் எந்திரத்தில் ஒரு கறுப்புக் கோட்டு, ஊசியில் கறுப்பு நூல். வாஷர் உள்ளே வரவில்லை. வரைபடப் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய், சுவரிலிருந்து இரண்டடி அளந்து, ஜன்னலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்தாள்.

அறை இருண்டது. யாரோ யார் காலையோ மிதித்தார்கள்.

"சித்தப்பா, அந்தக் கோட்டுல தையல் தெரியுதா?" வெளியிலிருந்து வாஷரின் குரல் வந்தது.

அவர் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். "இதுக்கென்ன, ஒரு லைட்டைப் போட்டா ஆச்சு."

"பகல் முழுக்கப் போடலாம் சார்," என்றார் தையல்காரம்மா. கூட்டத்தில் அவர் எல்லோர் காதிலும் விழப் பேசியது அதுதான் முதல் தடவை. "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கரண்ட் மீட்டர்தான்."

வாசலில் ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. விரலால் கோட்டுத் துணியைத் தடவித் தையலைத் தேடினார், கிடைக்கவில்லை. வெளியே வாஷர் பலகையை இறக்கவில்லை.

"போதும், எடு," என்றார் கடைசியில். போனை எடுத்துக் குழி தோண்டும் எந்திரக்காரரை அழைத்தார். "நாளைக்கு வேண்டாம்பா. ஏன்னா? இன்னும் சரியா அளக்கல. அவ்வளவுதான்." தையல்காரம்மாவை அவர் பார்க்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை.

நேரம் முடிந்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. இன்ஜினியரம்மா முற்றத்துக்கு வந்து தாளை நீட்டினார். 'முடிவு எட்டப்பட்டதா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. வாஷர் இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கட்கிழமை வேலை?"

"தேறினவங்களுக்குத்தான். என்னால மாத்த முடியாது." இன்ஜினியரம்மா தாளை மடித்தார். "ஆறு மாசத்துல அடுத்த தேர்வு. அதுவரைக்கும் இந்தத் திட்டத்தை நீங்களே நடத்தி முடிக்கலாம். சம்பளம் கிடையாது."

"இதே கட்டடத்துலயா?"

"உங்க சித்தப்பா உள்ள விட்டா."

வாஷர் பலகையைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே தையல் எந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் ஜன்னலருகே போனாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தனை மணி வரைக்கும் இந்த வெளிச்சம் வேணும்?"

எந்திரம் நின்றது. "உள்ள வந்து உக்காந்து கேளு," என்றார் தையல்காரம்மா.