லூனா எங்கே பிறந்தது

ஜெர்மனியின் எசன் நகரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் விமலநாதன் பல வருடங்களாகப் பீட்சா போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி கடையை மூடியபோது, வட இத்தாலியிலிருந்து தான் கொண்டுவந்திருந்த பூனையை இவரிடம் விட்டுப் போனார். லூனா என்று பெயர். மனைவி யோகத்துக்கு அதைப் பிடிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அது அவளுடைய தலையணையில் படுத்தது.

2006ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லூனா இருமத் தொடங்கியது. தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி இருமும். பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

"பூனை எங்கே பிறந்தது?" என்று மிருக வைத்தியர் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

கையில் பேனையோடு இருக்கும் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டால் கவனமாக இருக்கவேண்டும் என்பது, தன் அகதி விசாரணைக் காலத்திலேயே விமலநாதனின் உடம்பில் ஊறிவிட்டது. பூனைக்கோ ஒரு துண்டுப் பத்திரமும் கிடையாது.

"எசனில்தான்," என்றார்.

அப்படியானால் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று வைத்தியர் மாத்திரை கொடுத்தார். கொடுத்த நாட்களில் இருமல் அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமானது.

"நீங்கள் அந்த டொக்டர் மனிசிக்கு உண்மையைச் சொல்லேல்லை, என்ன?" என்றாள் யோகம்.

"சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

"ஆரை? பூனையையோ?"

"ஓம்."

"அது மூச்சுவிட ஏலாமல் கிடக்குது. நான் சொல்லுறன்."

சொன்னாள். வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். வட இத்தாலிப் பக்கத்து நுளம்புகள் கடித்து இதயப்புழுவைப் பரப்பும் என்றார். ஸ்கேனில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில், இரண்டு சிறிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. புழுவைக் கொல்லும் மருந்து பூனையையும் கொன்றுவிடக்கூடும். நுரையீரல் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, புழு தானாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் பூனை திடீரென்று இறந்தும் போகலாம் என்றார்.

"இதை யாருக்காவது அறிவிப்பீர்களா?" என்று விமலநாதன் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் வைத்தியர்.



அன்றிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே பூனையின் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். யோகம் மாத்திரையை மீனுக்குள் ஒளித்துவைப்பாள். லூனா மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டில் விட்டுவைக்கும். பிறகு இருவருமாகப் பிடித்து வாயைத் திறப்பார்கள். அவருடைய கையெல்லாம் கீறல்.

இரண்டாவது கோடையில் ஸ்கேனில் கோடுகள் இல்லை. நுரையீரலில் தழும்பு இருக்கும், இருமல் எப்போதாவது வரும், ஆனால் பிழைத்துவிட்டது என்றார் வைத்தியர். விமலநாதன் நன்றி சொல்லிக் கைகொடுத்தார்.

திரும்பும் வழியில், டிராமில், பூனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். யோகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.