பட்டினி நரம்பு

காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் நான்கு ஆட்கள் அதைக் கம்பளியில் சுற்றி, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிரே மிளகு மூட்டையோடு இறங்கிய ஒருவர் சுமையைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"ஏனுங்க, யாருங்க தவறிப்போனது?"

"யாரும் தவறலை. வழியை விடுப்பா" என்றார் பின்னால் மூச்சிரைக்க வந்த அண்ணாமலை. பிறகு தூக்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினார். "பாறையில இடிக்காதீங்கடா! உங்க தலை போனாலும் அது இடிபடக் கூடாது."

அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, மீசை முளைக்குமுன் ஒரு பேண்டு கோஷ்டியோடு மதராசுக்கு ஓடிப்போனவர். அங்கே வெள்ளைக்காரர்கள் நடனமாடும் ஓட்டல்களில் டபுள் பேஸ் வாசித்தே காலம் கழித்தார். ஆளைவிட உயரமாக நிற்கும் பெரிய பிடில் அது. கம்பளிக்குள் இருந்தது அதுதான். மற்ற வாத்தியங்களையெல்லாம் அடியில் நின்று தாங்குவது. ஆடுகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும் கால் தடுமாறும்.

ஜாஸ் வந்தபோது அண்ணாமலை வில்லைக் கீழே போட்டுவிட்டு விரலால் சுண்டி வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கென்று ஒரு நாதம் இருந்தது. பழுத்த பலா ஈரமண்ணில் விழுந்ததுபோல முதலில் தொம்மென்று இறங்கும். பிறகு இருண்டு நீளும். அதைக் கேட்டே வாசிப்பது யார் என்று மற்ற கோஷ்டிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த நாதத்துக்காக அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்வார். உண்மையில் அவரோடு யாரும் இருக்க முடியவில்லை.

இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த ஆட்டுக்குடல் தந்திகளில்தான் அந்த நாதம் பிறந்தது. யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. கடையில் எஃகுக் கம்பிதான் கிடைத்தது. அதைப் போட்டு வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. ஓட்டலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பம்பாயிலிருந்து வந்த ஒரு பேண்டு மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது.

"உங்களைக் கூட்டிப்போகத்தான் வந்தேன். அந்தப் பழைய சத்தம் எங்கே? அது திரும்பினால் வாருங்கள். கம்பி வாசிக்க வாலிபர்கள் எனக்குத் தெருவெல்லாம் கிடைப்பார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறினார்.

அதற்கடுத்த சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராசே காலியாயிற்று. ஓட்டலில் கோஷ்டியைக் கலைத்தார்கள். அண்ணாமலை கவலைப்படவில்லை. குடலைச் சுத்தம் செய்து முறுக்கித் தந்தியாக்கும் வேலையை அவர் ஒரு கோவாக்காரக் கிழவரிடம் அரைகுறையாகக் கற்றிருந்தார். அந்தக் கிழவர் சொன்ன ஒன்று மனதில் தங்கியிருந்தது: கொழுத்த ஆட்டின் குடல் வெண்ணெய்; பசித்த ஆட்டின் குடல்தான் நரம்பு.

மலைமேல் குண்டூர் நாட்டில் சென்றாயன் என்பவனிடம் பெரிய மந்தை இருந்தது. அந்த வருஷம் மழை தப்பி, சாமையும் தினையும் கருகிப்போயிருந்தன. மனிதர்களுக்குத் தானியமில்லை. காட்டில் தழைக்கு மட்டும் குறைவில்லை என்பதால் ஆடுகள் பளபளவென்று இருந்தன. சேலத்துப் பட்டாளக் கிடங்கில் அண்ணாமலைக்கு ஒரு பழைய கூட்டாளி இருந்தான். அவன் மூலம் காரவள்ளிக் கடைக்கு அரிசி வந்துகொண்டிருந்தது. வாராவாரம் அரிசி, பதிலுக்கு ஆடு என்று பேச்சாயிற்று. யுத்தம் முடிந்ததும் புது மந்தை வாங்கித் தருவதாகவும் அண்ணாமலை சொன்னார்.

சென்றாயனின் மனைவி கண்ணாயிக்கு அது பிடிக்கவில்லை. "ஆடு பூராத்தையும் குடுத்துப்போட்டு அப்பறம் என்னத்தைப் பண்றது?" என்று கணவனிடம் கேட்டாள். ஆனால் அவர்களுடைய நாலு வயதுப் பெண் பொன்னாயி, அரிசிச் சோற்றை இரண்டு கையாலும் அள்ளித் தின்பதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் அறுத்த ஆடுகளின் குடலை அண்ணாமலை ஓடையில் அலசி, சாம்பல் நீரில் ஊறப்போட்டு, மூங்கில் சீவலால் சுரண்டினார். ஈரத்தோடு பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, நிழலில் இரண்டு மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டினார். காய்ந்ததும் பேஸில் பூட்டிச் சுண்டினார். சொத்தென்று ஒலித்தது. இன்னொரு சுற்று முறுக்கினார், அறுந்துபோயிற்று.

"சென்றாயா, ஆடுக கொழுத்துக் கெடக்குது. பட்டியில அடை. தண்ணி மட்டும் காட்டு. விலா எலும்பை எண்ணற அளவுக்கு வந்தப்பறம் அறுக்கலாம்."

சென்றாயன் தலையைச் சொறிந்தான். "அறுக்கறது வேறீங்க சாமி. பட்டினி போட்டா பாவம் சும்மா உடாதுங்க."

"பாவம் எனக்கு. அரிசி உனக்கு."

அண்ணாமலைக்கு ஒதுக்கிய குடிசை ஆட்டுப்பட்டியை ஒட்டியே இருந்தது. முதல் வாரம் முழுதும் ஆடுகள் கத்தின. அவர் விரல் பழக்கம் விட்டுப்போகாமலிருக்கக் கம்பியைப் போட்டே காலையில் வாசிப்பார். ஆடுகளின் கத்தல் சுருதியைக் கலைத்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பிறகு கத்தல் மெல்லக் குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது. ஆடுகள் மூங்கில் படலைக் கடித்துக்கொண்டு, பிறகு அதையும் கடிக்காமல், சும்மா நின்றன.

"இப்பத்தான் ஊடு ஊடு மாதிரி இருக்குது" என்றார் அண்ணாமலை, பஞ்சை எடுத்தபடி.

இந்தத் தடவை தந்தி உருவாயிற்று. மெல்லிய தந்தியை முதலில் செய்தார். சுண்டினால் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை நடுங்கியது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த தந்திக்காகச் சென்றாயனிடம் இன்னும் ஆடுகளை அறுக்கச் சொன்னார்.

அவற்றில் ஒன்றின் குடலைச் சுரண்டும்போது அவர் கை நின்றது. கட்டைவிரலால் மறுபடி தேய்த்துப் பார்த்தார். எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், களி கிண்டிக்கொண்டிருந்த கண்ணாயியின் முன்னால் போய் நின்றார்.

"அம்மிணி, எந்த ஆட்டுக்குத் தீனி போட்டே?"

"நான் போடலீங்க."

"வழவழன்னு கொழுப்பு ஒட்டுது. யாரோ போட்டிருக்கறாங்க."

கண்ணாயி துடுப்பைக் கீழே வைத்தாள். தண்ணீருக்குப் போய்வரும்போது மடியில் தழை ஒடித்துவந்து படல் சந்தில் நீட்டிக்கொண்டிருந்தது அவள்தான். "அதுகளும் உசுருதானுங்களே, சாமி. நான் போனா எந்திரிச்சு நிக்கப் பாக்குதுங்க. முடியாம உழுந்துருதுங்க. பாத்துட்டு எப்படீங்க சும்மா வாரது?"

அண்ணாமலை சத்தம் போடவில்லை. கோஷ்டியில் தப்பாக வாசித்தவர்களிடமும் அவர் என்றுமே சத்தம் போட்டதில்லை. மறுநாள் அவர்கள் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

"சரி. ஆட்டுக்குப் போட உங்கிட்டத் தழை இருக்குதல்ல? அதையே புள்ளைக்கும் போடு. இனிமே அரிசி வராது."

வரவில்லை. கொஞ்சநஞ்சமிருந்த ராகி தீர்ந்தது. பட்டியிலிருந்து அறுத்த ஆடுகளில் தோலும் எலும்பும்தான் இருந்தன. அந்தக் கறியைத் தின்ற பொன்னாயிக்கு வயிற்றால் போயிற்று. சென்றாயன் பெண்டாட்டியின் மயிரைப் பிடித்து வாசலில் இழுத்துப்போட்டு உதைத்தான். உதைத்துவிட்டு அவனும் உட்கார்ந்து அழுதான். குழந்தை அழவில்லை. பட்டியில் ஆடுகள் நின்றதுபோலவே அது சும்மா படுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கண்ணாயி எழுந்து, அண்ணாமலையின் குடிசைக்குப் போனாள்.

"இனிமேட்டுப் போட மாட்டேனுங்க."

"ரொம்ப நல்லது கண்ணு" என்றார் அவர். அன்றைக்கே அரிசி கொண்டுவரக் காரவள்ளிக்கு ஆள் அனுப்பினார். அவருக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று தந்திகள் ஆயின. நான்காவது, எல்லாவற்றிலும் கனமானது, அதற்குத்தான் குடல் அதிகம் வேண்டும். அந்தத் தொம் என்ற இறக்கம் பிறப்பது அதில். பட்டி காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் சுட்டி மட்டும் மிஞ்சியது. நெற்றியில் வெள்ளைப் புள்ளியுள்ள பெட்டை ஆடு. தாய் செத்தபின் கண்ணாயி கஞ்சி ஊற்றி வளர்த்தது. சினையாக வேறு இருந்தது. பட்டினியிலும் அதன் வயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சினையாட்டை அறுக்க மாட்டனுங்க" என்றான் சென்றாயன். "எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலயும் இல்லீங்க."

"ஒரு முழம் பத்தாம நிக்குது. இத்தனை ஆடு செத்ததும் வீணாப் போகட்டுமா?"

அன்று மத்தியானம் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணாயி பட்டிக்குப் போய்ப் படலைத் திறந்தாள். "போ, ஓடிப் போ" என்று காட்டுப்பக்கம் தள்ளினாள். ஆடு இரண்டடி வைத்து முன்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. அவள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். எடையே இல்லை, ஆனாலும் வயிற்றுக்குள் இருந்தது அவள் கழுத்தில் உதைத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் போவதற்குள் சென்றாயன் வந்துவிட்டான். அவளை அடிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

"குடு புள்ளே. பொன்னாயி திங்கோணுமில்ல?"

கண்ணாயி தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தாள்.

நான்காவது தந்தி காய்ந்ததும் அண்ணாமலை பேஸை வெளியே கொண்டுவந்து ஒரு பாறையின்மேல் நிறுத்தி வாசித்தார். மலை முழுக்க ஏதோ மூச்சு விட்டதுபோல் இருந்தது. காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சத்தம் காதில் கேட்பதற்குமுன் காலில் ஏறியது. இழந்த பழைய நாதத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே வாசித்தார்.

"எப்படி இருக்குது, அம்மிணி?"

கண்ணாயி பொய் சொல்ல நினைத்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று உண்மையே வந்துவிட்டது.

பம்பாயில் அவருக்கு ராஜமரியாதை. பேண்டு மாஸ்டர் நான்கு சுவரம் கேட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். லீவில் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் மேடையருகே வந்து, எந்தத் தேசத்துத் தந்தி என்று விசாரித்தார்கள். அண்ணாமலை சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார். குண்டூர் நாட்டுக்கு அவர் ஆடும் வாங்கி அனுப்பவில்லை, சேதியும் அனுப்பவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை, நினைவு வரவில்லை.

பம்பாய் மழையில் தந்திகள் ஊறின. இழை பிரிந்தது. தை பிறந்தபோது கனத்த தந்தி ஒருநாள் மேடையிலேயே அறுந்து அவர் கன்னத்தில் அடித்தது. அப்போது நினைவு வந்தது. காரவள்ளிக் கடைக்காரர் மூலம் அரிசி மூட்டைகளையும் தான் வரும் சேதியையும் முன்னால் அனுப்பச் சொல்லி, மாசி கடைசியில் தானும் புறப்பட்டு வந்தார்.

சென்றாயன் இல்லை. ஆடு இல்லாமல் பிழைக்க வழியின்றி, கீழ்நாட்டில் பட்டாளத்துக்கு ரோடு போடும் கூலி வேலைக்குப் போனவன் காலராவில் செத்துப்போயிருந்தான். கண்ணாயி இளைத்து, கருத்து, வாசலில் நின்றாள். அரிசி வந்து சேர்ந்ததா என்று அவர் கேட்குமுன்பே சொன்னாள்.

"அரிசி வந்துருச்சுங்க. ஊருல ஆடு வாரத்துக்கு வாங்கி அடைச்சு வெச்சிருக்கறேன். வந்து பாருங்க."

பட்டி நிறைய ஆடுகள் இருந்தன. பக்கத்துக் காடுகளிலிருந்து, அரிசியில் பங்கு தருவதாகச் சொல்லி வாங்கியவை. விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். அண்ணாமலைக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"ஒண்ணுகூடக் கத்தலியே?"

"வாயைக் கட்டி வெச்சிருக்கறேனுங்க" என்றாள் கண்ணாயி. கிட்டப்போனபோது தெரிந்தது. ஒவ்வோர் ஆட்டின் வாயிலும் கற்றாழை நார் இறுக்கிக் கட்டியிருந்தது. நாரின் கீழே தோல் உரிந்திருந்தது. "தண்ணி காட்டறப்ப மட்டும் அவுப்பேன். கத்துச்சுன்னா பொன்னாயி தழை ஒடிச்சுட்டு ஓடியாந்துருவா. சொல்லிப் பாத்தேன். கையில சூடும் வெச்சேன். கேக்க மாட்டேங்கறா."

குடிசை நிழலில் பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாமலை முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறினார். "அந்த அளவுக்கு வேண்டியதில்லையே, அம்மிணி..."

"வேணுமுங்க" என்றாள் கண்ணாயி. பட்டிக்குள் நுழைந்து ஓர் ஆட்டின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அதை விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினாள். "இது பக்குவம் ஆயிருச்சுங்க. அதுக்கு இன்னும் ஒரு வாரம் போகட்டும். நீங்க போயிக் கையைக் காலைக் கழுவுங்க, சோறு வெக்கறேன்."