ஒரு கூடைத் துண்டு

என் தொழிலை யாரிடமாவது சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். "டியூஷன் எடுக்கிறீங்களா? என்ன பாடம்?" என்பார்கள். பாடம் ஒன்றும் இல்லை. பையை அடுக்குவது, பொழுதைப் பிரித்துக்கொள்வது, தொடங்கியதை முடிப்பது, முடித்ததை மறக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பது. இவ்வளவுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது. "இதுக்குக்கூடவா வாத்தியார்?" என்று அடுத்த கேள்வி வரும். மூளை இருந்தும் கோட்டைவிடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள் என்பேன். என் கணவர் பக்கத்தில் இருந்துவிட்டால் போச்சு. "ஊருக்குத்தான் உபதேசம். இவ பீரோவைத் திறந்தா துணி தலையில விழும்" என்று மானத்தை வாங்குவார்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைக் கல்லூரியில் 'அடுத்த பஸ்' என்று கூப்பிடுவார்கள். எங்கே இருக்கிறாய் என்று தோழிகள் கேட்டால், "அடுத்த பஸ்ல வந்துட்டிருக்கேன்" என்பதுதான் எப்போதும் அவள் பதில். இதில் கூத்து என்னவென்றால் அவள் அப்பாவே பஸ் டிரைவர். அவர் வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று டிப்போவில் பேச்சு. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அது டிரைவர் வீட்டிலும் பலித்துவிட்டது.

அவள் படிப்பது பார்மசி. எழுத்துத் தேர்வில் மார்க்கை அள்ளிக்கொண்டு வருவாள். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் மணி அடித்ததும் ஆய்வகக் கதவைச் சாத்திவிடுவார்கள். போன வருஷம் சாத்திய கதவுக்கு வெளியே நின்றாள், ஒரு வருஷம் போனது. இந்த வருஷமும் வெளியே நின்றால் பேரை எடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டபின்தான் அவள் அம்மா என்னைத் தேடி வந்தாள்.

அம்மா அழகு நிலையம் நடத்துகிறவள். வீட்டின் முன் அறைதான் கடை. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் துவைத்துக் காய்ந்த துண்டுகள் குவிந்த பெரிய கூடை. பின்னால் ஹால். நான் முதல்முறை போனபோது அந்த ஹாலில் ஒரே இரைச்சல். "பாப்பா, மணி என்னன்னு பாத்தியா?" என்று அம்மா. "பாப்பா, ஐடி கார்டு எங்கம்மா?" என்று அப்பா. "ஏய், இன்னும் கெளம்பலையா நீ?" என்று அண்ணன். இத்தனைக்கும் நடுவில் பாப்பா என்கிற அந்த இருபது வயதுப் பெண், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி, ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அது நான்தான் டீச்சர். இவளுக்காகக் கொஞ்சம் தள்ளி வெச்சேன்" என்றாள் அம்மா. "நீயுமா?" என்றார் அப்பா. "அப்போ நீங்களுமா?" என்றான் அண்ணன். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தள்ளியிருக்கிறார்கள். பாப்பாவோ, "அந்தக் கடிகாரம் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியுமே" என்றாள். பொய்க் கடிகாரத்தை யார் மதிப்பார்கள்?

அன்றைக்கே இரண்டு உத்தரவு போட்டேன். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவைத்தேன், இனி அதை யாரும் தொடக் கூடாது. அவளுக்கு யாரும் எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது. இத்தனை வாய்கள் மணி அடித்துக்கொண்டிருந்தால் அவளுக்குள் ஒரு மணி எப்படி அடிக்கும்?

"வாயை மூடிட்டு எப்படி டீச்சர் இருக்கிறது? நான் பார்லர் நடத்துறவ" என்று அம்மா கண்ணைக் கசக்கினாள்.

பிறகு அவளைத் தனியே உட்காரவைத்து, போன வருஷம் என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் முன்னாடியே ரெடியாயிட்டேன் அக்கா."

"அப்புறம் என்ன கேடு?"

"நேரம் நெறைய இருக்கேன்னு உக்காந்தேன். லேப் கோட்டுல ஒரு பட்டன் தொங்கிச்சு. தைச்சேன். அதை இறுக்கினதும் அடுத்தது லூசாத் தெரிஞ்சுது. அதையும் தைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "கதவைச் சாத்தினப்போ அந்தக் கூட்டத்துலேயே என் கோட்டுலதான் அத்தனை பட்டனும் உறுதியா இருந்துச்சு அக்கா" என்றாள்.

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் உதடு மட்டும் நடுங்கியது. சோம்பேறிப் பெண்ணில்லை இவள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? என் பையில் இருந்த வித்தை ஒன்றுகூட அவளிடம் பலிக்கவில்லை.

நேர அட்டவணை போடச் சொன்னேன். வாரம் முழுக்க உட்கார்ந்து வண்ணப் பென்சிலால் தீட்டிக் கொண்டுவந்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அதை வரைந்துகொண்டிருந்ததில் அட்டவணையில் இருந்த ஒரு வேலையும் நடக்கவில்லை. போனில் அலாரம் வைத்தோம். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு இருந்தாள். மணற்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். மணல் எவ்வளவு அழகாக விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். "அப்போ ரொம்ப முன்னாடியே பஸ் ஏத்தி விட்டுடலாமே" என்றார் அப்பா. அதையும் செய்து பார்த்தோம். நேரம் இருக்கிறதே என்று பாதி வழியில் பேனா வாங்க இறங்கி, கடைக்காரர் அலமாரியில் கலந்து கிடந்த பேனாக்களை நிறவாரியாகப் பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனாள்.

எனக்குப் பொறுமை அளவாகத்தான் உண்டு. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். "வேற பிள்ளையைப் பாருங்க அக்கா. நான் இப்படித்தான் போல" என்று அவள் எழுந்து முன் அறைக்குப் போய்விட்டாள். தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி.

சமாதானம் பேசலாம் என்று பின்னாலேயே போனேன். அங்கே ஒரு வாடிக்கையாளர் அம்மாளுக்குத் தலையில் சாயம் பூசி முடித்திருந்தார்கள். அம்மா அவரை மகள் கையில் ஒப்படைத்துவிட்டு வேறொருவருக்கு முடி வெட்டப் போனாள். பாப்பா கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு துண்டு மடிக்கத் தொடங்கினாள். உதறு, நீவு, மடி, மடி, அடுக்கு. அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. என்னோடு பேசினாள், வாடிக்கையாளரோடு சிரித்தாள், கை மட்டும் நிற்கவே இல்லை. கூடை காலியானதும் எழுந்தாள். "வாங்க ஆன்ட்டி, அலசிடலாம்" என்றாள். கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சாயத்துக்குரிய அரை மணி நேரம், அச்சுப் பிசகாமல்.

"இது எப்பவும் இப்படித்தானா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாயத்தை மட்டும் இவகிட்ட கண்ணை மூடிட்டு விட்டுடுவேன் டீச்சர். ஸ்கூல் படிக்கிற காலத்துலேர்ந்து செய்யுறா. ஒருத்தர் தலையும் பொசுங்கினதில்ல."

நான் அந்தச் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இத்தனை நாளாய் நான் பாடிக்கொண்டல்லவா இருந்திருக்கிறேன்! இவளுக்கு நேரம் முள்ளில் இல்லை, கையில் இருக்கிறது. வேலை நிறைந்த நேரம் இவளை ஒன்றும் செய்வதில்லை. மிஞ்சுகிற நேரம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் கணக்கே மாறியது, அரை மணி நேரம் என்பது ஒரு கூடை ஆனது. ஒரு பாடத்தைப் படிக்க ஒரு கூடை. பஸ்ஸில் கல்லூரிக்கு ஒன்றரைக் கூடை. "என் ரூட்டை துண்டுல அளந்த ஒரே ஆளு என் பொண்ணுதான்" என்று அப்பா டிப்போவில் பெருமை பேசினார். காலையில் கிளம்பத் தயாரானதும் சும்மா உட்காரக் கூடாது, ஊசி நூலைத் தொடக் கூடாது. கூடை முன்னால் உட்கார்ந்து மடிக்க வேண்டும். காலியானதும் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். வகுப்புக்கு நேரத்தில் போய்ச் சேரத் தொடங்கினாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும், நாம்தான் நேரமாகி வந்துவிட்டோமோ என்று ஒரு தோழி பதறிவிட்டாளாம்.

தேர்வு நாள் காலையில் நானும் போனேன். அவளுக்குத் துணையாக இல்லை, மற்ற மூவரின் வாய்க்குக் காவலாக. பாப்பாவின் போனை அணைத்து அவள் பையில் வைத்துவிட்டு, மற்ற எல்லோருடைய போனையும் வாங்கிக் கடை மேஜை டிராயரில் போட்டேன். நான் மணியைப் பார்த்தால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள் என்று என் கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

குளித்து, சாப்பிட்டு, பை கதவருகில் தயாராக இருக்க, அவள் கூடை முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் நால்வரும் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, திறந்த கதவு வழியே அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் வலது கால் தரையில் ஆக்ஸிலரேட்டரைத் தேடியது. அண்ணன் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டு என் நகத்தைப் பார்த்தான்.

தற்செயலாகத்தான் நிமிர்ந்து ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது! திரும்பினால் அவர்கள் மூவரும் அதே கடிகாரத்தைப் பார்த்து வெளிறிப்போயிருந்தார்கள். கூடையில் இன்னும் பாதித் துண்டுகள் இருந்தன. துண்டை நம்பி ஒரு பெண்ணின் படிப்பைப் பாழாக்கிவிட்டேனே என்று நினைத்தேன்.

"பாப்பா! ஓடு! நேரமாச்சு!" என்று முதலில் கத்தியது நான்தான். உத்தரவு போட்ட மகராசி.

அவ்வளவுதான், அணை உடைந்தது. அம்மா அலற, அண்ணன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓட, அப்பா பைக் சாவியைத் தேடினார். நான் என் பையைக் கவிழ்த்துக் கைக்கடிகாரத்தைத் தேடினேன். சீப்பு வந்தது, பழைய பஸ் டிக்கெட் வந்தது, கடிகாரம் மட்டும் வரவில்லை.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.

"இல்லக்கா. இன்னும் பாதிக் கூடை இருக்கு" என்றாள்.

"கடிகாரம் சொல்லுதேடி!"

"அது தப்பு" என்றாள், அமைதியாக. உதறினாள், நீவினாள், மடித்தாள். எங்கள் நால்வரின் கூப்பாட்டுக்கு நடுவில் கடைசித் துண்டு வரைக்கும் மடித்து முடித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள். பைக்கில் வரவும் மறுத்துவிட்டாள்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அப்பாவுக்கு டிராயர் ஞாபகம் வந்தது. போனை எடுத்து மணி பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவள் கிளம்பியது மிகச் சரியான நேரம். கடிகாரம்தான் அரை மணிக்கும் மேலே முந்திக்கொண்டிருந்தது.

"நான் நேத்து பத்து நிமிஷம் தள்ளி வெச்சேன்" என்றார் மெதுவாக. "நானும் பத்துதான்" என்றாள் அம்மா. "நானும்" என்றான் அண்ணன். கூட்டிப் பார்த்தார்கள். கணக்கு இன்னும் கொஞ்சம் இடித்தது. மூன்று பேரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அஞ்சே அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தவள், அழுகையில் போய் முடித்தாள். "நம்ம எல்லாருக்கும் புத்தி கெட்டுப்போச்சு, அவ ஒருத்திதான் சரியா இருந்தா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். யாருக்கும் இடத்தைவிட்டு எழ மனம் வரவில்லை. ஒன்றரைக் கூடை நேரம் கழித்து அம்மாவின் போன் அடித்தது. மகள்தான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, வந்துட்டேன். கதவு இன்னும் தெறக்கல."

நால்வரும் போனை நெருங்கினோம். மிஞ்சிய நேரம்! பேனாக் கடையும் தொங்குகிற பட்டனும் என் கண் முன்னால் வந்துபோயின.

"இப்போ என்னடி பண்றே?" என்றாள் அம்மா.

"நேரம் மிஞ்சும்னு தெரியும்மா. அதான் பையில ரெண்டு துண்டு எடுத்துட்டு வந்தேன். கதவு முன்னாடியே நின்னு மடிச்சுப் பிரிச்சு, மடிச்சுப் பிரிச்சு... வாட்ச்மேன் ஒரு மாதிரி பாக்குறாரு. பரவால்ல. சரி, தெறக்கறாங்க, வெச்சுடறேன்."

போன் நின்றது. நேரம் மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு வேண்டியதை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வது. இத்தனை மாதமாக நான் அவளுக்குச் சொல்லித்தர முட்டிமோதியது இதைத்தான். அந்த இரண்டு துண்டையும் நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"டீச்சர், உங்களுக்கு அடுத்த வகுப்புன்னு சொன்னீங்களே?" என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பையையும் போனையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். நிறுத்தத்தை எட்டும்போது பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. எங்கே இருக்கீங்க என்று அடுத்த மாணவனின் அப்பா போன் செய்தார்.

"அடுத்த பஸ்ல வந்துட்டிருக்கேன்" என்றேன்.