கிஸ்லாவின் சுவர்

கிஸ்லாவை அவள் அப்பா கன்னியர் மடத்தில் கொண்டுவந்து விட்டபோது அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. என்னை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விட்டிருந்தார்கள். ரைன் நதிக்கரையில் இருந்த எங்கள் மடத்தில் இரண்டு பேர் தனியாக ஒட்டிக்கொள்வது குற்றம். சாப்பாட்டு அறையில் பேசக்கூடாது, ரொட்டிக்கும் மீனுக்கும் கைச்சாடைதான். கிஸ்லா மீன் கேட்கும்போது கையை மடத்துத் தலைவி நடப்பதுபோல ஆட்டிக்காட்டுவாள். சிரித்து மாட்டிக்கொண்டு மண்டியிடுவது எப்போதும் நான்தான்.

நாங்கள் வளர்ந்த பிறகு அவள் அப்பா மறுபடி வந்தார். மகன் சண்டையில் செத்துப்போயிருந்தான். நிலத்துக்கு வாரிசு வேண்டும் என்று கிஸ்லாவை ஒரு கிழட்டுப் பிரபுவுக்குப் பேசி முடித்திருந்தார். அவள் இன்னும் துறவியாவதற்கான கடைசி வார்த்தைப்பாடு கொடுத்திருக்கவில்லை. மடத்துக்கு ஒரு மாவு ஆலை எழுதித் தருவதாக அவர் சொன்னதும் தலைவியம்மா சம்மதித்துவிட்டார்.

துணி அலசும் தொட்டியருகே கிஸ்லா சொன்னாள்: "பொண்டாட்டிகள வரிசையாப் புதைச்சவனாம்டி. நான் போகமாட்டேன்."

"மாட்டேன்னா கட்டித் தூக்கிட்டுப் போவாரு உங்கப்பா."

"சுவருக்குள்ள இருக்கிறவள எப்படித் தூக்குவாரு, ஒடிலியா?"

கோயிலை ஒட்டி ஒரு அறை காலியாகக் கிடந்தது. அங்கே போகிறவள் சாகும்வரை தனியாக இருந்து ஜெபிக்க வேண்டும். வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். மடத்தைப் பார்வையிட வந்த, தலைவிக்கும் மேலான ஆயரின் காலில் விழுந்து கிஸ்லா அந்த அறையைக் கேட்டாள். ஆயருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அவரை மீற அவள் அப்பாவுக்குத் துணிவில்லை. இனி உலகுக்குச் செத்தவள் என்று அவளுக்குச் செத்தவர்களுக்கான பூசை வைத்து வாசலை அடைத்தார்கள். சின்ன ஜன்னல் ஒன்று மட்டும் மிஞ்சியது. சாப்பாடு கொடுக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். இத்தனை வருஷம் அடக்கிவைத்ததையெல்லாம் ஜன்னல் வழியாகப் பேசித் தீர்த்தோம். பனிக்காலம் வந்ததும் அவள் பேச்சு குறைந்தது. சுவரை நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்கும்.

வசந்தத்தில் அவள் அப்பா இறந்த செய்தி வந்தது.

"அப்போ வெளிய வந்திடலாம்ல? தலைவியம்மாகிட்ட கேளேன்டி."

கேட்டேன். "செத்தவளுக்குப் பூசை வச்சாச்சு. செத்தவ எந்திரிச்சு வரமாட்டா" என்றார் தலைவியம்மா.

அதன்பின் கஞ்சிக் கிண்ணம் தொடாமலே திரும்பி வந்தது. மறுபடி தலைவியம்மாவிடம் போய் நின்றேன்.

"என்னையும் உள்ள வைங்கம்மா."

"நீங்க ரெண்டு பேரும் ஒட்டக்கூடாதுன்னுதானே இத்தன வருஷம் அடிச்சேன்."

"அவ பட்டினியில செத்தா மடத்துக்குத்தான் கெட்ட பேரு."

தலைவியம்மா ஆயருக்கு ஆள் அனுப்பினார்.

எனக்கும் பூசை முடிந்து கொத்தனார் கல்லைப் பெயர்த்தபோது கிஸ்லா வாசலுக்கு வந்தாள். கண்கூசி என் தோளுக்கு மேலாக நதியைப் பார்த்தாள். ஒரு காலை வெளியே புல்லில் வைத்தாள். ஆயரின் ஆட்கள் நெருங்கினார்கள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"பைத்தியம். ஒருத்தி மாட்டினது பத்தாதா?"

"தள்ளுடி, இடம் விடு."

இப்போது அவள் சாப்பிடுகிறாள். இருவரும் ஒரே பக்கம் திரும்பினால்தான் படுக்க முடியும். சில நாள் என்மேல் வெறுப்பு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் அப்படி வரும். எழுந்து போக இடமில்லை. நதியில் படகுக்காரர்கள் கூவினால் பேச்சை நிறுத்திவிடுவோம். அந்தச் சத்தம் ஓயும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.