பாதியில் எழுந்து ஓடிய மாப்பிள்ளை

ஐம்பத்தொரு வயதில் செல்லப்பாவுக்குக் காதல் வந்திருந்தது. மஹய்யாவ சலூனில் மீசைக்கும் சேர்த்துச் சாயம் பூசிக்கொண்டார். தான் ஓட்டும் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அம்பிட்டியவில் தையல் கடை வைத்திருக்கும் சந்திரிகாவை ஆவணியில் கட்டப்போகிறார். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: இருவரும் முதலில் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. அவருக்கோ பிரஷர் கூடியிருந்தது, சிறுநீரிலும் புரதம் இருந்தது. சில மாதம் விட்டு மறுபடி சோதித்தபோதும் அப்படியே. "சிறுநீரக நோய் தொடங்கியிருக்கு" என்றார் டாக்டர் நப்லா. செல்லப்பாவுக்குக் காது அடைத்துப்போனது. மிச்சத்தைக் கேட்காமலே எழுந்து கும்பிட்டுவிட்டு, நேரே அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினார்.

"கல்யாணம் வேணாம் சந்திரிகா. என் கிட்னி போயிருச்சு."

அவள் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "போயிருச்சுன்னு டாக்டரே சொன்னாங்களா?"

"நோய் தொடங்கியிருக்குன்னாங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேக்கலங்க."

சந்திரிகா கடையைப் பூட்டினாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, அவரை இழுத்துப்போய் மறுபடி டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

நப்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாதியிலேயே ஓடிட்டீங்களே. சிறுநீரகம் இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது. கொஞ்சம் புரதம் கசியுது, அவ்வளவுதான். இந்த நோய் ஆரம்பத்துல வலிக்காது, வீங்காது. அதெல்லாம் வந்தபிறகு வர்றவங்களுக்குத்தான் நாங்க செய்யக்கூடியது குறைவு."

"முழுசா சுகமாகுமா?" என்றாள் சந்திரிகா.

"கெட்டுப்போனது திரும்ப நல்லாகாது. ஆனா மேல கெடாமப் பாத்துக்கலாம். பிரஷர் மருந்த விடக்கூடாது, உப்பக் குறைக்கணும், முதுகுவலிக்குக் கடையில வாங்கிப் போடுற மாத்திரைய நிறுத்தணும். சொன்ன நேரத்துக்கு வந்து காட்டணும்."

செல்லப்பா தொண்டையைக் கனைத்தார். "கல்யாணம் கட்டலாங்களா?"

"தாராளமா. கருவாட்டத்தான் தள்ளி வைக்கணும்."

வெளியே வந்ததும் இருவருக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அது மறுபடி மறுபடி பொங்கியது. நடுத்தெருவில் செல்லப்பா அவள் கையைப் பிடித்தார். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து அவருடைய கூட்டாளி நீளமாக ஹோர்ன் அடித்தான். செல்லப்பா பிடித்த கையை விடவில்லை. வாவிக்கரை முழுக்க அப்படியே நடந்தார்கள்.

ஆவணிக்குள் பிரஷர் இறங்கிவிட்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேளக்காரரை நிறுத்தவே விடவில்லை. மாலை நழுவியதும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். சந்திரிகாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.