நாக்ஸோஸில் யாரும் பேப்பர் கேட்கவில்லை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நான் கிரீஸைப் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்து கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதிப் பிழைக்கிறேன். சனி ஞாயிறில் கதை எழுதுகிறேன். இரண்டையும் யாரும் கடைசிவரை படிப்பதில்லை.

மூன்று வீடு தள்ளி இருக்கும் ஹம்சா, கணவர் பசுபதியோடும் ஒன்பது வயது மகள் வான்மதியோடும் கிரேக்கத் தீவுகளுக்குப் போயிருக்கிறாள். வீட்டுச் சாவியும் கறிவேப்பிலைச் செடியும் என் பொறுப்பு. தீவுக்குத் தீவு கப்பல் மாறும்போதெல்லாம் வாய்ஸ் நோட் அனுப்புகிறாள். இரண்டாவது நோட்டில் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க கதை எழுதறவங்கதானே? இவரை எப்படிப் பேச வைக்கறதுன்னு எழுதிக் குடுங்க."

2.

ஆரம்பங்கள்:

"ஏஜியன் கடல் அன்று நீலப் பட்டுப் புடவையை" (வேண்டாம். எனக்கே பொறுக்கவில்லை.)

"பசுபதி ஒரு நல்ல" (நல்லவர்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில் அவர் செத்துப்போவார் என்று நினைத்துவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு பசுபதிக்கு வேலை போய்விட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. கப்பல் டிக்கெட்டை பிரின்ட் எடுக்க வீட்டு ஐபேடைத் திறந்த ஹம்சா, கம்பெனி அனுப்பிய கடிதத்தைப் பார்த்துவிட்டாள். அவளும் சொல்லவில்லை. இருவரும் பெட்டி கட்டி, டாக்ஸி பிடித்துக் கிளம்பிவிட்டார்கள்.

[ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு: இங்கே வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அறுபது நாள் நாட்டுக்குள்ளேயே இருந்து வேறு வேலை தேடலாம். அதற்குள் வெளியே காலெடுத்து வைத்தால், புது கம்பெனி கிடைக்காமல் அந்த விசாவில் திரும்ப முடியாது. பிஸ்கட்டவேயில் எந்த வீட்டுப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள்.]

ஞாயிற்றுக்கிழமை ஏதென்ஸிலிருந்து எங்கள் பக்கத்து நியூவர்க் ஏர்போர்ட்டுக்கு விமானம். இறங்கியதும் அதிகாரி, "அதே கம்பெனிதானா?" என்று கேட்டால் பசுபதி என்ன சொல்வார்? உண்மை என்றால் திருப்பி அனுப்பலாம். பொய் என்றால், பக்கத்தில் நிற்கும் ஹம்சாவும் தெரிந்தே அந்தப் பொய்யில் நிற்பாள். அதற்கு முன்னால் அவராக வாய் திறந்து சொல்ல வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான்.

3.

அவள் அனுப்பிய நாற்பது விநாடி வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த என்னால் முடியாது.

கப்பலின் அடித்தளம். லாரிகள், கார்கள், அவற்றின் நடுவே பெட்டியோடு நிற்கும் மனிதர்கள். இருட்டு. எஞ்சின் அதிர்வில் படம் நடுங்குகிறது. கப்பல் இன்னும் முழுதாக நிற்கவில்லை. அதற்குள் பின்பக்கத்து இரும்புச் சுவர் மெல்லச் சரிந்து இறங்குகிறது. மேலே ஒரு கோடு வெளிச்சம். பிறகு வானம், பிறகு மலை, வெள்ளை வெள்ளையாக வீடுகள், கடைசியில் கரை. ஒரு முழு ஊர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறது. சமையலறையில் நின்றபடி இருபது தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்தது.

நாக்ஸோஸ் தீவின் துறைமுகத்தை ஒட்டி ஒரு பளிங்கு வாசல் நிற்கிறது. முடிக்கப்படாத கோயிலுடையது. சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது, வாசல் மட்டும். (இந்தக் கதைக்காக நான் செய்து வைத்தது என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே இருக்கிறது.)

பசுபதியின் கையில் ஃபைல். நம்மவர்கள் எல்லோரிடமும் இருக்குமே, அது: பாஸ்போர்ட், விசா அப்ரூவல், கல்யாண சர்டிஃபிகேட், மகளின் பிறப்புச் சான்று, எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். அதற்கு முந்தைய சீரோஸ் தீவில் இறங்கும்போது சரிவுப் பலகை நடுவில் நின்று அதைத் திறந்து மாலுமியிடம் நீட்டினாராம். பின்னால் அறுபது பேர், ஒரு மோட்டார் சைக்கிள், ஹாரன் சத்தம். மாலுமி ஃபைலை அவர் கையிலேயே மூடிவைத்துவிட்டு, போ போ என்று கைகாட்டியிருக்கிறான். பாரோஸிலும் அதே கதை. அங்கேதான் வான்மதி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, நோபடி ஈஸ் ஆஸ்கிங்."

நாக்ஸோஸில் ஒரு கிழவி முட்டை அட்டையோடு இறங்கினாள், ஒரு பாதிரியார் இறங்கினார், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவது மாதிரி. பசுபதி கரையில் நின்று, கப்பல் கதவை மூடிக்கொண்டு கிளம்பும்வரை வாய் பிளந்து பார்த்தாராம். "ஒருத்தர்கூட எதுவும் கேக்கல ஹம்சா," என்று இரண்டு தடவை சொன்னாராம். பதினோரு வருஷம் போகிற இடத்திலெல்லாம் ஃபைலை நீட்டிய மனிதருக்கு அதுதான் உலக அதிசயம். எனக்கும்தான்.

4.

ஹம்சாவுக்கு நான் எழுதி அனுப்பிய காட்சிகள்:

அ) மேல்தளம், காற்று. பசுபதி கடலைப் பார்த்தபடி ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். பதில் உடனே வந்தது: "அக்கா, இவர் கல்யாணமானதுலேருந்து மொத்தமா இவ்ளோ பேசினதில்ல."

ஆ) வான்மதி எதையோ கேட்கிறாள், அவர் உடைந்துபோகிறார். குழந்தையை இதில் இழுக்கக் கூடாது என்று ஹம்சா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வான்மதி இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். மூன்று பேரில் யோசிக்காமல் திரும்பக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

இ) ஹம்சாவே, "எனக்குத் தெரியும்," என்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு. அரை நாள் கழித்துத்தான் பதில் வந்தது.

"கதைக்கு நல்லாருக்கும்க்கா. நானே சொல்லிட்டா, அவருக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்?"

இத்தனை வருஷம் எழுதுகிறேன், இந்த ஒரு வரி என் கையில் வந்ததில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

5.

எனக்கு இன்னொரு சந்தேகம். பாத்திரத்தின் மேல் வரும் சந்தேகம் என்று எழுதத் தொடங்கி, (அடித்துவிட்டேன், அவள் பாத்திரம் இல்லை, என் சிநேகிதி) ஹம்சாவிடம் நேராகவே கேட்டேன்: தெரிந்தும் ஏன் விமானம் ஏறினாய்?

ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தாளாம். "அவர் முகத்தைப் பாத்தேன்க்கா. பயந்துட்டுதான் இருந்தாரு. ஆனா போகணும்னு இருந்தாரு. எந்தப் பேப்பரையும் கேக்காம அவர் எடுத்த முதல் முடிவு அதுதான்."

தப்பான முடிவுதான். அதற்காக அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

6.

இன்று சனிக்கிழமை காலை பத்தரை. ஹம்சா வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே மாலை, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குத் திரும்பும் கடைசிக் கப்பலில் இருக்கிறார்கள். ஒரு நோட் வந்திருக்கிறது, ஐம்பத்திரண்டு விநாடி. காற்று. கடலில் வெயில் இறங்குவதைப் பற்றி ஏதோ சொல்கிறாள். பின்னாலிருந்து பசுபதியின் குரல்.

"ஹம்சா, ஃபோனை வச்சுட்டு இங்க வந்து உக்காரு."

அதோடு பதிவு முடிகிறது. டால்ஃபின் ஏதாவது தெரிந்து கூப்பிட்டிருக்கலாம். வான்மதி தூங்கிவிட்டாள், மடியில் கிடத்து என்பதற்காகவும் இருக்கலாம். மூன்று நாளாக இந்த இடத்துக்கு வசனம் எழுதிக் கிழித்தவள் நான். இப்போது ஒரு சொல்லும் வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கப்பல் கரை சேர இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் மேல்தளத்துக்குப் போங்கள், அவர்களுக்குப் பின்வரிசையில் இடம் இருக்கும். நான் வரவில்லை. அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.